ஆயிரத்து இருநூற்று நாற்பது அடி

மார்ச் 3, ஞாயிறு

தண்ணீர்: 1 மணி 40 நிமிடம்.

போன மாதம் இதே ஆழ்துளைப் போர் மூன்று மணி நேரம் இறைத்தது. இன்று மும்முனை மின்சாரம் வந்ததும் ஒன்பது மணிக்குப் போட்டேன். பத்து நாற்பதுக்கெல்லாம் குழாய் கொரகொரவென்று காற்று வாங்கியது. ஓடிப்போய் அணைத்தேன். இருநூற்றுப் பத்துத் தென்னை என்னை நம்பி நிற்கிறது. கிழக்கு வரிசையில் மட்டைகள் தொங்கிவிட்டன, குரும்பை கொட்டுகிறது.

இந்த நோட்டில் தண்ணீர் ஓடிய நேரத்தைத் தினமும் எழுதுகிறேன். பூவாத்தாளுக்கு இது பெரிய கேலி. "எழுதி வெச்சா ஊத்து வந்துருமுங்களா?" என்றாள். மனைவிக்குப் பதில் சொல்லி ஜெயித்தவன் எவன் இருக்கிறான்.

அப்பா வெட்டிய கிணறு எனக்கும் அண்ணன் ராக்கியப்பனுக்கும் பொது. திங்கள், செவ்வாய், புதன் அண்ணன் முறை. வியாழன், வெள்ளி, சனி என் முறை. ஞாயிறு வாரம் விட்டு வாரம். நூற்றுப் பத்து அடிக் கிணறு. வற்றி ஆறு வருடம் ஆகிறது. முறை மட்டும் வற்றவில்லை. வியாழக்கிழமை வந்தால் அண்ணன் கிணற்று மேட்டில் ஆடுகூடக் கட்டமாட்டார். ஆனால் போருக்கு முறை கிடையாது. பூமிக்கடியில் எவன் ஆழமாகப் போகிறானோ அவனுக்குத்தான் தண்ணீர்.

மார்ச் 7, வியாழன்

தண்ணீர்: 1 மணி 15 நிமிடம்.

தலையில் மூன்று தையல். கை நன்றாக இருப்பதால் எழுத முடிகிறது.

காலையில் அண்ணன் தோட்டத்துக்குள் போர் வண்டி வந்தது. எங்கே நிறுத்துகிறார்கள் என்று போய்ப் பார்த்தால், என் வேலியிலிருந்து நாற்பது அடி. என் போர் வேலிக்கு இந்தப் பக்கம் இருபது அடியில் இருக்கிறது. நீரோட்டம் பார்க்கிறவன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தானாம். அந்த இடத்தில்தான் தேங்காய் எழுந்து நின்றதாம்.

"ஏனுங்கண்ணா, ஏழு ஏக்கரா இருக்குது. எம்பட போருக்குப் பக்கத்துலதான் உங்க தேங்கா எந்திரிச்சு நிக்குமா?" என்று கேட்டேன்.

"ஊத்து எங்க ஓடுதோ அங்கதான்டா போட முடியும். உனக்கு எட்டுநூத்தி அறுவதுல தண்ணி வந்தப்ப நான் ஏதாச்சும் சொன்னனா?"

"அப்ப உங்க போரு காஞ்சா போச்சு?"

"காஞ்சுதான் போச்சு. நான் உங்கிட்ட வந்து சொல்லல, அவ்வளவுதான்" என்றார்.

நேராகப் போய் வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டேன். அண்ணன் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். ஐம்பத்தாறு வயதில் கடித்தேன், ரத்தம் வருகிற வரை. அவர் மண்வெட்டிக் காம்பால் என் தலையில் போட்டார். பூவாத்தாள் ஓடிவந்து என்னைத் தூக்காமல் முதலில் என்னைத்தான் திட்டினாள்.

கூடப் பிறந்தவன் அடித்தால் வலி இரண்டு பங்கு. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

எழுநூறு அடியில் வெறும் புகை. ஆயிரம் அடியிலும் புகை. வெள்ளைத் தூசி பறந்து என் மரங்களின் மேல் படிந்தபோது மனசு குளுகுளுவென்று இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது அடியில் சேறு வந்தது. அப்புறம் தண்ணீர், தென்னை உயரத்துக்கு. அண்ணன் வீட்டார் குளித்தாற்போல் நனைந்துகொண்டு சிரித்தார்கள்.

அண்ணன் மகன் லோகநாதன் ஒரு சொம்பில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேலியருகே வந்தான். முப்பது வயது, நல்ல பிள்ளை, அப்பன் குணம் ஒட்டாதவன். "சித்தப்பா, கோவத்த வுடுங்க. மோட்டார் எறக்குனதும் வாரத்துல ஒரு நாளைக்கு உங்க மரத்துக்கு வுட்டுக்குங்க. நான் அப்பாகிட்டப் பேசிக்கிறேன்" என்றான்.

சொம்பை வாங்கி அவன் மேலேயே விட்டெறிந்தேன். உதடு கிழிந்தது. எனக்குப் பிச்சை போட இவன் யார்.

மார்ச் 11, திங்கள்

தண்ணீர்: 22 நிமிடம்.

அண்ணன் மோட்டார் இறக்கி ஒரு நாள்தான் ஆகிறது. இருபத்திரண்டு நிமிடம்.

வெள்ளிங்கிரி இன்று அண்ணனிடம் அடி வாங்கினான். எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் மரம் ஏறுகிறவன் அவன்தான். புதுப் போர்த் தண்ணீர் தொட்டியில் விழுவதைப் பார்த்ததும் அவன் மனைவி பழனாள் இரண்டு குடம் எடுத்துவந்து பிடித்திருக்கிறாள். அவர்கள் தெருக் குழாயில் பதினொரு நாளாகத் தண்ணீர் இல்லை. அண்ணன் குடத்தை எட்டி உதைத்தார். கேட்க வந்த வெள்ளிங்கிரியைக் கன்னத்தில் அறைந்தார். "ஒரு கொடம் தண்ணிக்குக் கை நீட்டறீங்களே, இந்தப் போரு தூந்து மூடித்தானுங்க போவும்" என்று அவன் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவில்லை.

மார்ச் 13, புதன்

தண்ணீர்: 9 நிமிடம்.

மார்ச் 15, வெள்ளி

தண்ணீர்: 4 நிமிடம். கிழக்கு வரிசையில் பதினாறு மரத்தின் கொண்டை சாய்ந்துவிட்டது. நான் நட்ட மரங்கள். முதல் குலை வெட்டிய நாளில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிய மரங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மரத்தடியில் தண்ணீர் தேங்கிக் கொக்கு மேய்கிறது. வயிறு எரிகிறது.

மார்ச் 17, ஞாயிறு

அண்ணன் வீட்டில் எல்லோரும் உடுமலைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். பூவாத்தாளும் போயிருக்கிறாள், உறவை விடக்கூடாதாம். வெள்ளிங்கிரி மட்டும் என் மேற்கு வரிசையில் காய்ந்த மட்டை வெட்டிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் தலைவலி. தையல் போட்ட இடம் விண் விண் என்றது. படுத்துவிட்டேன். வேறொன்றும் விசேஷம் இல்லை. வலது கை விரல்களில் சிராய்ப்பு, முள்வேலிக் கம்பி பட்டது.

மார்ச் 18, திங்கள்

தண்ணீர்: 50 நிமிடம்.

அண்ணன் மோட்டார் நேற்றுப் பொழுதோடு நின்றுவிட்டதாம். புது மோட்டார், கேபிள் போயிருக்கும் என்கிறார்கள். இருக்கும்.

மார்ச் 20, புதன்

தண்ணீர்: 1 மணி 30 நிமிடம்.

ஊற்று என் பக்கம் திரும்பிவிட்டது. மூன்றாவது வரிசை வரைக்கும் பாய்ந்தது. ஈர மண் வாசனை வந்ததும் கண் கலங்கிவிட்டது, எழுதுவதில் வெட்கம் இல்லை.

சாயங்காலம் பூவாத்தாள் கட்டுத்தரைக்குப் பின்னால் நின்றுகொண்டு கூப்பிட்டாள். மாட்டுக்கொட்டாய்க்குத் தளம் போட்ட மீதி ஜல்லி அங்கே குவிந்து கிடக்கும். "ஏனுங்க, குமி பாதியாட்டம் தெரியுது. யாராச்சும் எடுத்தாங்களா?" என்றாள்.

"மழையில் இறங்கியிருக்கும்" என்றேன்.

"மழைங்களா?" என்றாள்.

அவ்வளவுதான். ஐப்பசிக்குப் பிறகு இங்கே ஒரு தூறல் இல்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாய் முந்திக்கொள்வது என் பிறவிக் குணம்.

மார்ச் 22, வெள்ளி

தண்ணீர்: 2 மணி 5 நிமிடம்.

அண்ணன் மோட்டாரை வெளியே எடுக்க இன்று வண்டி வந்தது. போரிலிருந்து மோட்டார் தூக்குகிற நாளில் சண்டைக்காரனும் வந்து கை கொடுக்க வேண்டும், இது இந்தப் பக்கத்து வழக்கம். அண்ணன் ஆள் அனுப்பினார். போகாமல் இருந்திருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். போனேன்.

இரும்புக் கயிறு நூறு அடி வரைக்கும் ஒழுங்காகச் சுற்றியது. பிறகு நின்றுவிட்டது. வண்டிக்காரன் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "மேல என்னமோ கடிச்சுப் புடிச்சிருக்குதுங்க. வுட்டுருங்க, இன்னும் இழுத்தா கயிறு தாங்காது" என்றான்.

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "புது மோட்டாருடா. டிராக்டரக் கட்டு" என்றார்.

லோகநாதன் போர் வாயருகே நின்று கயிறு நேராக வருகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதட்டில் நான் கிழித்த இடம் ஆறிக் கறுத்திருந்தது. நான் வாய் திறந்தேன். "லோகு, அக்கட்டால தள்ளி நில்லு" என்று சொல்லத்தான் திறந்தேன். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிட்டால்? மூடிக்கொண்டேன். டிராக்டர் ஒரு முக்கு முக்கியது.

கயிறு அறுந்த சத்தம் துப்பாக்கி மாதிரிதான் கேட்டது. அவன் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கை போர் வாய்க்குப் பக்கத்தில் கிடந்தது, விரல்கள் இன்னும் மூடிக்கொண்டிருந்தன. அவன் கத்தவில்லை. தன் கையைத் தானே குனிந்து எடுக்கப் போனான், அப்போதுதான் விழுந்தான். என் வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். ரத்தம் நிற்கவே இல்லை. அண்ணன் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். கோயமுத்தூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மேலே எழுதியிருக்கிற இரண்டு மணி ஐந்து நிமிடம் அதற்கு முன்பு, காலையில் ஓடியது.

மார்ச் 24, ஞாயிறு

போருக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சின்னத் திரை, எல்லோரும் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன். மோட்டாருக்கு மேலே ஜல்லி. முக்கால் இஞ்ச் ஜல்லி, கூம்பாகக் குவிந்து, குழாயையும் கயிற்றையும் கவ்விக்கொண்டு.

"எவனோ மூடியத் தொறந்து கொட்டியிருக்கான்" என்றார் அண்ணன். கூட்டத்தில் ஒருவன், "போரு தூந்துபோவும்னு அன்னைக்கு வெள்ளிங்கிரி சொன்னானல்லங்க" என்றான்.

அப்படிச் சொன்னது நான் இல்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை.

மார்ச் 25, திங்கள்

தண்ணீர்: 2 மணி 20 நிமிடம்.

வெள்ளிங்கிரியை அண்ணன் களத்து மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அவன் எந்த மரத்திலெல்லாம் ஏறி இறங்கினானோ அதில் ஒன்றில். அண்ணன் கையில் ரப்பர் குழாய். அவருடைய மச்சான்கள் இரண்டு பேர் முறை வைத்து மிதித்தார்கள். பழனாள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள், என் காலிலும் விழுந்தாள்.

"நான் போடலீங்க. ஞாயித்துக்கெழம நான் சின்னக் கவுண்டரு தோட்டத்துல மட்டை வெட்டிட்டிருந்தனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்தான். "கவுண்டரே, நீங்க சொல்லுங்க" என்றான்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அவன் வேறொன்றும் சொல்லவில்லை. வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நீங்க சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. கீழே கிடந்த மட்டையின் அடிக்கட்டையை எடுத்தேன். "நான் படுத்திருந்தேன்டா, உன்னை எங்கே பார்த்தேன்" என்று கேட்டுக்கொண்டே அடித்தேன். கட்டு அவிழ்ந்த இடது கையை நீட்டித் தடுத்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடியை ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை.

என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று நானே சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். வெள்ளிங்கிரி மறுக்கவில்லை.

மார்ச் 29, வெள்ளி

தண்ணீர்: 2 மணி 15 நிமிடம். சாய்ந்த பதினாறு மரத்தில் ஆறு நிமிர்ந்துவிட்டது.

பூவாத்தாள் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பரிமாறுவதில்லை. உப்பு இல்லை என்று சொன்னேன். உப்பு டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 4, வியாழன்

தண்ணீர்: 2 மணி 10 நிமிடம்.

லோகநாதன் வீட்டுக்கு வந்துவிட்டான். பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு எழுந்து நின்றான். "உக்காருங்க சித்தப்பா. அன்னைக்கி நீங்க வேட்டியக் கிழிச்சுக் கட்டலீன்னா நான் பொழச்சிருக்கவே மாட்டனாமுங்க, டாக்டர் சொன்னாரு" என்றான். ஆரஞ்சுப் பழத்தை இடது கையால் உரிக்கப் பார்த்தான். முடியவில்லை. நான் வாங்கி உரித்துக் கொடுத்தேன். வெளியே வந்து வேலியோரம் வாந்தி எடுத்தேன்.

அண்ணன் பின்னாலேயே வந்து என் முதுகைத் தடவினார். "இனி எனக்கு உன்ன வுட்டா யாருடா இருக்கறா. மாட்டுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. உம்பட போர்ல மூணு நாளு குடுத்தீன்னா போதும்" என்றார். அப்பா செத்த நாளுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது இன்றுதான். திங்கள், செவ்வாய், புதன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இத்தனை நாள் நான் கேட்டது இந்த அண்ணனைத்தான். இப்போது கிடைத்திருக்கிறார், சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

தண்ணீர்: 55 நிமிடம். அண்ணன் முறை.

கிழக்கே காற்றாலைக்குப் பக்கத்து மானாவாரிக் காட்டை ஒரு தண்ணீர் லாரிக்காரன் வாங்கி மூன்று போர் போட்டிருக்கிறான். ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். பகலெல்லாம் லாரி போய் வந்தபடி இருக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

தண்ணீர்: 12 நிமிடம்.

லாரிக்காரனை வெட்டலாமா என்று அண்ணன் கேட்கிறார். ஊரில் பத்துப் பேர் அரிவாள் தீட்டிக்கொண்டு பேசுகிறார்கள். வெட்டினாலும் தண்ணீர் அடுத்துப் போர் போடுகிறவனுக்குத்தான் போகும். எனக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

தண்ணீர்: இல்லை. மோட்டார் வெறும் காற்றை ஊதியது. நிமிர்ந்த ஆறு மரமும் திரும்பச் சாய்ந்துவிட்டது. ஒரு கை, ஒரு முழங்கை, இவ்வளவும் கொடுத்து இருபத்தைந்து நாள் தண்ணீர் வாங்கியிருக்கிறேன்.

பூவாத்தாள் விடிகாலையில் முதல் பஸ்ஸுக்குப் போனவள் பதினொரு மணிக்குத்தான் வந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. தேங்காயெண்ணெய் எடுத்துத் தடவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எங்கே போயிருந்தாய்?"

"மொளகா அரைக்கிற கோயலுக்குங்க. பழனாளும் நானும்."

எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்து கேட்பதற்கு நாதி இல்லாதவர்கள் போகிற கோயில் அது. மிளகாயை அரைத்து அம்மனுக்கு முன்னால் இருக்கிற கல்லில் அப்பிவிட்டு வருவார்கள். செய்தவன் உடம்பு எரியும் என்பார்கள். நியாயம் கிடைத்த பிறகு திரும்பப் போய் எண்ணெய்க்காப்புச் செய்தால்தான் அது தணியும்.

"யாருக்கு?"

"வெள்ளிங்கிரி மரத்து மேல இருந்து பாத்துட்டுத்தானுங்க இருந்திருக்கான். மூணு சட்டி ஜல்லி. நீங்க சொமந்துட்டுப் போனதையும் பாத்தான், மூடியத் திருப்பி மாட்டுனதையும் பாத்தான். அடி வாங்கறப்பக்கூட அவன் உங்களக் காட்டிக் குடுக்கல. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தானாம்."

"பொய். நான் படுத்திருந்தேன்."

அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. எண்ணெயைத் தடவிக்கொண்டே பேசினாள். "யாருன்னு தெரிஞ்சா பேரச் சொல்லித்தான் அரைக்கோணும். பழனாளுக்கு உங்கள கவுண்டர்னுதான் தெரியும், பேரு தெரியாது. நம்மூர்ல கவுண்டருக்கா பஞ்சம். அம்மன் எந்தக் கவுண்டரன்னு தேடும்? அரைக்கறத நிறுத்திட்டு என்ற மூஞ்சியப் பாத்தா."

"நீ என்ன செய்தாய்?"

"நான்தானுங்க சொன்னேன். அவிநாசியப்பன்னு."

இருபத்தொன்பது வருடக் குடித்தனம். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் அட்டையை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வாள். புருசன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள். என் பெயரை அவள் வாயால் நான் கேட்பது இன்றுதான் முதல் தடவை. கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கு வெடியால உங்க அண்ணன் ஊட்டு வாசலுக்குப் போலாமுங்க. வெள்ளிங்கிரியையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். "நீங்க சொன்னாலுஞ் செரி, நான் சொன்னாலுஞ் செரி. ஒருக்காச் சொன்ன வாய்க்கு இன்னொருக்காச் சொல்றதுக்குச் செரமமில்லீங்க."

ஏப்ரல் 13, சனி

மோட்டார் போட்டுப் பார்க்கவில்லை.

போரில் ஜல்லியைக் கொட்டியது நான். பூவாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அங்கே போனதும் அவள் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.